மலைமேலே வீடு, கீழே வேலை, நடுவில் ரோப் கார்!

பழனியில் ரோப் காரில் போனவங்க இருக்கீங்களா? அது 2004-ல் வந்தது. அதே 2004-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டிலும் ஒரு ரோப் கார் ஓட ஆரம்பித்தது. ஆனா அது சாமி கும்பிடப் போறவங்களுக்கு இல்லை, தினமும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போறவங்களுக்கு!

அந்த ஊரின் பெயர் மெடலின். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் மலை. கம்பெனி, காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் பள்ளத்தாக்கில். கிராமங்களில் நடந்த சண்டைக்குப் பயந்து ஓடி வந்த ஏழைகள் மலைச்சரிவில் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். 1995-ல் மெட்ரோ ரயில் வந்தது. அது ஆற்றங்கரையோடு போய்விட்டது. மேலே இருப்பவர்கள் ரயிலைப் பார்க்கலாம், அவ்வளவுதான்! அதைப் பிடிக்க, செங்குத்தான சந்துகளில் இறங்கணும், இல்லை பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்கணும். நாள் கூலிக்காரருக்கு இரண்டு டிக்கெட் என்பது சின்ன விஷயமா?

ரோப் கார் வழி சுமார் 2 கிலோமீட்டர், 4 நிலையங்கள். கீழ் நிலையம் மெட்ரோவோடு சேர்ந்தே இருக்கிறது. ரயில் டிக்கெட்டே இதற்கும் போதும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒரு பெட்டியில் 10 பேர், ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கமாக 3,000 பேர். கணக்குப் போடுங்க: 3,000 ÷ 10 = 300 பெட்டி. 3,600 விநாடி ÷ 300 = 12. அதாவது 12 விநாடிக்கு ஒரு பெட்டி! பஸ் போக முடியாத குறுகலான சந்துக்கு மேலே, தூண் நடும் இடம் மட்டும் இருந்தால் போதும்.

அந்தச் சமயத்தில் மேயராக வந்தவர் செர்ஜியோ ஃபஹார்தோ. அவர் ஒரு கணக்கு வாத்தியார்! (கணக்கு சார் கவனிக்கவும்.) நிலையங்களைச் சுற்றிப் பள்ளிக்கூடம், பூங்கா, நடைபாதை எல்லாம் வந்தன. 2007-ல் மலைமேலேயே பெரிய நூலகம் திறந்தார்கள். பாவம், கட்டடம் பழுதாகி அது பிறகு பல வருஷம் மூடிக் கிடந்தது.

மெடலின் ஒரு காலத்தில் கொலைகளுக்குப் பெயர்போன ஊர். 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ரோப் கார் வந்த பகுதிகளையும் வராத அதே மாதிரி ஏழைப் பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். கொலைகள் இரண்டு இடத்திலும் குறைந்திருந்தன. ஆனால் ரோப் கார் வந்த இடத்தில் அந்தக் குறைவு 66 சதவீதம் அதிகம். இது கம்பியும் பெட்டியும் மட்டும் செய்த வேலை இல்லை. பூங்கா, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து வந்ததன் பலன். இதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன்.

காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில் கியூ நீளம்தான். கீழே போக வழி கிடைத்தாலும், படிப்பு இல்லாதவருக்குப் பெரிய வேலை உடனே கிடைத்துவிடாது.

இதைப் பார்த்து பிரேசிலில் ரியோ நகரத்திலும் 2011-ல் மலைக் குடிசைப் பகுதிக்கு ரோப் கார் விட்டார்கள். ஓட்டப் பணம் இல்லாமல் 2016-ல் அது நின்றுபோனது. அங்கே இருந்தவர்கள் மறுபடியும் மேடு ஏற வேண்டியதாயிற்று.