ஒர்க்ஸ்பேஸ் அமைப்பை ஏபிஐ வழியே மாற்றுகிறீர்களா? 14 குறிப்புகள்

2024 ஏப்ரல் வரை டெர்ராஃபார்ம் கிளவுட் என்ற பெயரில் இருந்ததுதான் இன்றைய ஹெச்சிபி டெர்ராஃபார்ம். அதில் நாலைந்து ஒர்க்ஸ்பேஸ் மட்டும் வைத்திருப்பவர் திரையில் சொடுக்கியே அமைப்புகளை மாற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கை நூற்றைத் தாண்டினால் ஏபிஐதான் கைகொடுக்கும். ஆனால் ஒரே ஸ்கிரிப்டில் ஐம்பதைத் திருத்தலாம் என்றால், அதே வேகத்தில் ஐம்பதையும் கெடுக்கலாம். அதுவும் மாற்றிய நொடியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அடுத்த ரன் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். எனவே முன்னும் பின்னும் பார்த்துச் செய்யுங்கள்.

1. மாற்றுவதற்கு முன் ஒரு கெட் அனுப்பி, இப்போதுள்ள அமைப்பு முழுவதையும் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். தேதி போட்டுப் பெயர் வைத்தால் தேடுவது எளிது. ஏதாவது பிசகினால் பழைய மதிப்பைத் திரும்ப வைக்க இந்தக் கோப்புதான் உதவும்.

2. ஒர்க்ஸ்பேஸைப் பெயரால் அழைக்கலாம், 'டபிள்யூஎஸ்' என்று தொடங்கும் ஐடியாலும் அழைக்கலாம். பெயரால் அழைத்தால் ஆர்கனைசேஷன் பெயரும் முகவரியில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்டில் எழுதி வைப்பதற்கு ஐடியே மேல். நாளை யாராவது பெயரை மாற்றினாலும் ஐடி மாறாது.

3. திருத்துவதற்கான கட்டளை பேட்ச். அனுப்பியதை மட்டும் மாற்றும், அனுப்பாததைத் தொடாது. ஆகவே பேலோடைச் சின்னதாக வையுங்கள். வெளியே 'டேட்டா', அதற்குள் 'டைப்', அதன் மதிப்பு பன்மையில் 'ஒர்க்ஸ்பேசஸ்', பக்கத்தில் 'அட்ரிபியூட்ஸ்', அதற்குள் ஒரே ஒரு வரி: 'ஆட்டோ-அப்ளை', எதிரில் மேற்கோள் குறி இல்லாமல் ஃபால்ஸ். வேலை முடிந்தது. கெட்டில் வந்த முழு ஜேசனையும் திருத்தி அப்படியே திருப்பி அனுப்பும் பழக்கம் வேண்டாம். நடுவில் வேறொருவர் செய்த மாற்றத்தை உங்கள் பழைய நகல் அழித்துவிடும்.

4. பிழை எண்ணைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். 415 வந்தால் கன்டென்ட்-டைப் ஹெடரைப் பாருங்கள்; வெறும் ஜேசன் என்று போட்டிருப்பீர்கள், அங்கே 'ஜேசன் ஏபிஐ' வகையைத்தான் எழுத வேண்டும். 422 என்றால் பேலோடின் அடுக்கு அல்லது மதிப்பு தவறு. 404 வந்ததும் ஒர்க்ஸ்பேஸே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதைத் தொட உங்கள் டோக்கனுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் இதே எண்தான் வரும்.

5. டோக்கனைக் கட்டளை வரியில் நேராக ஒட்டாதீர்கள், ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். ஹெடரை ஒரு கோப்பில் எழுதி, உங்களுக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுத்து, கர்லில் ஹெடர் இருக்கும் இடத்தில் '@' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். டோக்கன் உருவாக்கும்போதே காலாவதித் தேதியும் வைத்துவிடுங்கள்.

6. எந்த டோக்கன் என்பதும் முக்கியம். அமைப்பை மாற்ற அந்த ஒர்க்ஸ்பேஸில் அட்மின் உரிமை வேண்டும். ஆர்கனைசேஷன் டோக்கனால் அமைப்புகளை மாற்றலாம், ரன் தொடங்க முடியாது. மாற்றிவிட்டு ரன்னும் ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் என்றால், தேவையான உரிமை மட்டும் உள்ள டீம் டோக்கன் பொருத்தம்.

7. ஒர்க்கிங் டைரக்டரியை மாற்றும்போது ஆட்டோ-அப்ளையை முதலில் அணைத்துவிடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஒரே ரெப்போவில் 'நெட்ஒர்க்', 'டேட்டாபேஸ்' என்று இரண்டு ஃபோல்டர் இருக்கின்றன என்று கொள்வோம். நெட்ஒர்க் ஒர்க்ஸ்பேஸின் டைரக்டரியைத் தவறுதலாக டேட்டாபேஸ் என்று மாற்றிவிட்டால், அடுத்த பிளானில் டெர்ராஃபார்ம் என்ன பார்க்கும்? ஸ்டேட்டில் நெட்ஒர்க் இருக்கிறது, கோடில் இல்லை. ஆக, உள்ள நெட்ஒர்க்கை அழித்துப் புதிதாக டேட்டாபேஸ் கட்டலாம் என்று பிளான் போடும். ஆட்டோ-அப்ளை ஓடிக்கொண்டிருந்தால் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். அணைத்திருந்தால், 'டெஸ்ட்ராய்' என்ற எண்ணிக்கையைப் பார்த்து நீங்களே நிறுத்திவிடலாம்.

8. இன்னொரு ஒர்க்ஸ்பேஸின் ரன் முடிந்ததும் தானாகத் தொடங்கும் ரன்களுக்கு, அதாவது ரன் ட்ரிகர்களுக்கு, ஆட்டோ-அப்ளை தனி அமைப்பு. ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

9. 'விசிஎஸ்-ரெப்போ' என்ற இடத்தில் 'நல்' என்ற வெற்று மதிப்பை அனுப்பினால், கிட் இணைப்பு அறுந்துவிடும். இணைப்பைத் துண்டிக்க வழியே அதுதான். ஸ்கிரிப்டில் ஒரு வேரியபிள் காலியாக இருந்து, அது 'நல்' ஆகப் போய்ச் சேராதபடி அனுப்பும் முன் சரிபாருங்கள்.

10. டெர்ராஃபார்ம் வெர்ஷன் இருக்கும் இடத்தில் துல்லியமான எண்ணும் கொடுக்கலாம், வரம்பும் கொடுக்கலாம். வரம்பு கொடுத்தால் அதற்குள் வரும் புதிய வெளியீட்டை ஒர்க்ஸ்பேஸ் தானாக எடுத்துக்கொள்ளும். டெவ் சூழலுக்கு அது வசதி. ப்ரொடக்‌ஷனில் துல்லியமான எண்ணே நிம்மதி.

11. எக்ஸிக்யூஷன் மோடை 'ஏஜென்ட்' என்று மாற்றினால், ஏஜென்ட் பூலின் ஐடியையும் அதே பேலோடில் சேர்த்து அனுப்புங்கள். 'லோக்கல்' என்று மாற்றினால் ரன் உங்கள் கணினியில்தான் ஓடும், ஸ்டேட் மட்டும் ஹெச்சிபி டெர்ராஃபார்மில் இருக்கும். ஒர்க்ஸ்பேஸில் போட்டு வைத்த வேரியபிள்கள் அந்த ரன்னுக்கு வந்து சேரா. "நேற்று வரை ஓடிச்சே, இன்னிக்கு ஏன் வேரியபிள் கேக்குது?" என்று சக ஊழியர் கேட்டால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள்.

12. வேரியபிள்களை இந்தப் பேட்சில் திணிக்க முடியாது, அவற்றுக்குத் தனி முகவரி உண்டு. எனவே முதல் குறிப்பில் சொன்ன சேமிப்புக் கோப்பில் அவற்றின் மதிப்பு இருக்காது; தனியாகக் கேட்டாலும், சென்சிட்டிவ் என்று குறித்த மதிப்பை ஏபிஐ திருப்பிக் காட்டாது. அத்தகைய மதிப்புகளுக்கு வேறொரு பாதுகாப்பான இடத்தில் நகல் இருக்கட்டும்.

13. மொத்தமாக மாற்றும்போது பட்டியலை முழுதாக எடுத்தீர்களா என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஒரு பக்கத்துக்கு 20 ஒர்க்ஸ்பேஸ்தான் வரும், அதிகபட்சம் 100 கேட்கலாம். அடுத்த பக்கத்தைக் கேட்காத ஸ்கிரிப்ட் முதல் இருபதை மட்டும் மாற்றிவிட்டு 'எல்லாம் முடிந்தது' என்று சொல்லும். வேகமும் அளவாக இருக்கட்டும். பெரும்பாலான முகவரிகளில் நொடிக்கு 30 கோரிக்கைதான் வரம்பு, மீறினால் 429 வரும். ப்ரொடக்‌ஷன் அல்லாத ஒன்றில் முதலில் முயன்று, பதிலில் வரும் ஜேசனில் மதிப்பு உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'பிளான்-ஒன்லி' ரன் ஒன்று ஓட்டுங்கள். அது பிளானோடு நின்றுவிடும், அப்ளை ஆகாது. மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால் மற்றவற்றில் கை வைக்கலாம். பெரிய மாற்றமானால் அதுவரை மற்ற ஒர்க்ஸ்பேஸ்களை லாக் செய்து வைத்தால், இடையில் யாருடைய ரன்னும் நுழையாது. முடிந்ததும் அன்லாக் செய்ய மறக்காதீர்கள்.

14. கடைசியாக, அந்த ஒர்க்ஸ்பேஸே டெர்ராஃபார்மின் 'டிஎஃப்இ' ப்ரொவைடரால் உருவாக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். அப்படியானால் ஏபிஐயில் நீங்கள் மாற்றியது, கோடில் எழுதியிருக்கும் அமைப்பாக இருந்தால், அடுத்த அப்ளையில் பழையபடி திரும்பிவிடும். அங்கே கோடைத் திருத்தி ரிவ்யூவுக்கு அனுப்புவதுதான் முறை. அவசரத்துக்கு ஏபிஐயில் மாற்றினாலும், அன்றே கோடிலும் எழுதிவிடுங்கள்.