மென்பொருளும் ஒருங்கிணைப்பும்

சென்னை மாநகரின் தென்பால், பழைய மாமல்லபுரச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பெருங்குடி. முன்னர்த் தனியூராக விளங்கிய இது, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. அருகிலுள்ள தரமணியில் 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பெற்ற பின்னர், இச்சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் பல்கிப் பெருகின. ஆங்குப் பணிபுரிவோர் ஆக்கும் பொருளைக் கையால் தொட இயலாது. அது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் கோவையாகும்.

தொடர்வண்டிப் பயணச்சீட்டை இணையவழிப் பெறுதலை எடுத்துக்கொள்வோம். இடம் உளதா என்று பார்ப்பது ஒரு பகுதி. வங்கியிலிருந்து பணம் பெறுவது மற்றொரு பகுதி. சீட்டு வழங்கிச் செய்தி விடுப்பது வேறொரு பகுதி. இவை ஒன்றன்பின் ஒன்றாக முறை பிறழாது நிகழ்தலே பணியோட்டம் எனப்படும். பலர் தனித்தனியே இயற்றிய பகுதிகளைப் பொருந்தச் சேர்த்தல் ஒருங்கிணைப்பு ஆகும். பணம் பெற்றபின் சீட்டு வழங்க இயலாதாயின், அப்பணம் உரியவரிடம் மீள்வதற்கும் வழிவகுத்தல் வேண்டும்.

கொத்தன் ஓர் அளவுகோலால் வாயிலை அளக்கிறான். தச்சன் வேறோர் அளவுகோலால் கதவை அளக்கிறான். இருவர் வேலையும் தனித்தனியே குற்றமற்றதாயினும் கதவு வாயிலிற் பொருந்துமோ? இத்தகைய பிழையே 1999-ஆம் ஆண்டில் விண்வெளியில் நேர்ந்தது. செவ்வாயின் காலநிலையை ஆராய அமெரிக்க நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் ஒரு கலத்தை ஏவியது. அக்கலத்தின் சிறு பொறிகள் தரும் உந்துதலை ஒரு மென்பொருள் பவுண்டு அளவையிற் கணித்துத் தந்தது. அதனை ஏற்ற கணக்கீடோ, அவ்வெண்களை நியூட்டன் அளவையாகக் கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். ஆதலின் கலம் குறித்த வழியினின்றும் விலகிச் செவ்வாயை மிக நெருங்கி, 1999 செப்டம்பர் 23 அன்று தொடர்பற்று ஒழிந்தது. பகுதிகளை ஒருங்கே இணைத்துச் செவ்வனே சோதித்திருப்பின் இப்பிழை முன்னரே புலப்பட்டிருக்கும்.

இத்தொழிலைக் கற்க நகருக்கு வந்தே தீரவேண்டும் என்னும் நிலை இன்று இல்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003-இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதன்வழிச் சான்றிதழ்ப் பாடங்களும் நடைபெறுகின்றன. பாடங்களை இல்லத்திலிருந்தே கேட்கலாம். வாரந்தோறும் தரப்படும் பயிற்சிகளைச் செய்து அனுப்பலாம். சான்றிதழ்த் தேர்வை மட்டும் குறித்த நிலையத்திற்கு நேரிற் சென்று எழுதுதல் வேண்டும். பெருங்குடியில் வாழும் மாணவன் கேட்கும் அதே பாடத்தைத் தொலைவிலுள்ள சிற்றூர் மாணவியும் கேட்கிறாள்.

எனினும், கரையில் நின்று பிறர் நீந்தக் கண்டவன் நீந்தக் கற்றவன் ஆகான். ஆசிரியர் செய்து காட்டியதைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, கற்போர் தாமே ஒரு சிறு பணியோட்டத்தை இயற்றுதல் வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன் ஏனையவற்றோடு இணைத்துச் சோதித்தல் வேண்டும். தவறான எண்ணை வேண்டுமென்றே இட்டு, அது எவ்விடத்தில் தடைபடுகிறது என்பதையும் காணல் வேண்டும். இன்று சிறு பயிற்சியிற் பிழை கண்டு திருத்துவோர், நாளை பிறருடைய பணத்துக்கும் உயிருக்கும் பொறுப்பேற்கும் தகுதியைப் பெறுவர்.