பாதிரியார் இல்லாத கல்யாணம் செல்லுமா?

கேள்வி: நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். கணவர் ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் மகளுக்காக அவர் வழி முன்னோரைத் தேடி எழுதி வருகிறேன். கணவருடைய கொள்ளுத்தாத்தா – கொள்ளுப்பாட்டியின் 1912ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் பாதிரியார் பெயரே இல்லை. ‘இரு சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி’ என்றும், ‘ஷெரிஃப் ஆணைப்படி’ என்றும் எழுதியிருக்கிறது. இதை ‘இர்ரெகுலர்’ திருமணம் என்கிறார்கள். கணவரின் அத்தையோ, “ஏதோ போலீஸ் கேஸ் ஆகியிருக்கும், கிளறாதே” என்கிறார். அப்படியானால், மறு ஆண்டு பிறந்த தாத்தா சட்டப்படியான பிள்ளை இல்லையா?
– வாசகி, கிளாஸ்கோ

பதில்: நல்ல கேள்வி அம்மா. அத்தையின் கவலையை முதலில் தீர்த்துவிடலாம். ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்பவர் கௌபாய் படங்களில் குதிரை மேல் வரும் போலீஸ் அதிகாரி அல்ல, நீதிபதி. அவருடைய ஆணை பதிவில் இருப்பது உங்களுக்குச் சாதகமான சான்று.

அடுத்து, ‘இர்ரெகுலர்’. இந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘கல்யாணமே ஆகவில்லை போலும்’ என்று நினைப்பவர்கள் ஏராளம். முன்னோரைத் தேடுவோர் அதிகம் சறுக்குகிற இடமும் இதுதான். திருமணம் எந்த வழியில் நடந்தது என்பதை மட்டுமே அந்தச் சொல் குறிக்கிறது. செல்லுமா செல்லாதா என்பதை அல்ல. தேவாலயத்தில் முன்கூட்டியே அறிவித்து (நம் ஊர்த் தேவாலயங்களில் ‘ஓலை வாசிப்பது’ என்பார்களே, அதுதான்), பாதிரியார் நடத்தி வைத்தால் முறையான மணம். அப்படி இல்லாமல் நடந்தது முறைசாரா மணம். இரண்டிலும் கணவன் கணவன்தான், மனைவி மனைவிதான், பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகள்தான்.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். இடைக்கால ஐரோப்பாவின் திருச்சபைச் சட்டப்படி, திருமணத்தை உண்டாக்குவது இருவருடைய சம்மதம். பாதிரியார் இருப்பது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. ரகசியக் கல்யாணங்கள் பெருகித் தொல்லையானதால், 1563இல் கத்தோலிக்கத் திருச்சபை டிரெண்ட் பேரவையில் கூடி, பாதிரியாரும் சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று விதித்தது. ஸ்காட்லாந்தோ அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1560இல், போப்பின் அதிகாரத்தைத் தூக்கி எறிந்திருந்தது. புதிய விதி அங்கே நுழையவே இல்லை. ரோமாபுரி கைவிட்ட பழைய கத்தோலிக்கச் சட்டத்தைப் புராட்டஸ்டண்ட் ஸ்காட்லாந்து பத்திரமாக வைத்துக்கொண்டது. வரலாறு இப்படியெல்லாம் விளையாடும்.

அந்தச் சட்டம் மூன்று வழிகளை ஏற்றது. இருவரும் ‘இப்போதே நாம் கணவன் மனைவி’ என்று சம்மதம் சொல்வது ஒன்று. ‘உன்னைக் கட்டிக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்து, அதை நம்பி உறவு நிகழ்ந்திருப்பது இரண்டாவது. இதற்கு எழுத்துச் சான்று போன்ற வலுவான ஆதாரம் வேண்டியிருந்தது. ஊரார் கணவன் மனைவி என்றே கருதும்படி நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்திருப்பது மூன்றாவது. உங்கள் வீட்டுக் கொள்ளுத்தாத்தா முதல் வழியில் போயிருக்கிறார்.

அந்த முதல் வழிக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்கு ஒரு வழக்கே போதும். 1804இல் எடின்பரோவில் டால்ரிம்பிள் என்ற இளம் ராணுவ அதிகாரியும் ஜோஹன்னா கார்டன் என்ற பெண்ணும், ஒருவரையொருவர் மணந்ததாக ரகசியமாகக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு அவர் இங்கிலாந்தில் வேறொரு பெண்ணைத் தேவாலயத்திலேயே மணந்தார். ஜோஹன்னா வழக்குத் தொடுத்தார். 1811இல் லண்டன் திருச்சபை நீதிமன்றத்தில் சர் வில்லியம் ஸ்காட், ஸ்காட்லாந்துச் சட்டப்படி அந்தக் காகிதக் கல்யாணமே செல்லும் என்று தீர்ப்பளித்தார். தேவாலயத்தில் நடந்த இரண்டாம் கல்யாணம் செல்லாமல் போயிற்று!

1912இல் உங்கள் வீட்டார் ஏன் இப்படிச் செய்தார்கள்? ஓடிப்போனவர்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மதச் சடங்கு வேண்டாம் என்பவர்களுக்குப் பதிவாளர் அலுவலகக் கல்யாணம் என்ற வசதி ஸ்காட்லாந்தில் 1940 வரை கிடையாது. மணமக்கள் வெவ்வேறு சபையைச் சேர்ந்தவர்களா, தேவாலயத்தில் ஈடுபாடு இல்லையா, ஊரறிய ஓலை வாசிக்க விருப்பமில்லையா, இந்த வழி கைகொடுத்தது. இரண்டு சாட்சிகள் முன் உறுதிமொழி சொல்வார்கள். பெரும்பாலும் வக்கீல் அலுவலகத்தில். பிறகு ஷெரிஃபிடம் சேர்ந்து மனுக் கொடுத்து, அவர் ஆணையைக் காட்டிப் பதிவாளரிடம் பதிவார்கள். 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: இருவரில் ஒருவராவது ஸ்காட்லாந்தைத் தம் வழக்கமான இருப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும், அல்லது மணத்துக்கு முன் 21 நாள் அங்கே தங்கியிருக்க வேண்டும். எல்லையோரக் கிராமமான கிரெட்னா கிரீனுக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடிவந்த இங்கிலாந்துக் காதலர்களுக்கு வைத்த தடை அது.

உங்கள் தேடலுக்குச் சில குறிப்புகள். தாத்தாவின் பிறப்புப் பதிவை எடுத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவுகளில், 1855ஆம் ஆண்டிலும் 1861 முதலும், பெற்றோர் மணந்த நாளும் இடமும் குறிக்கப்படும். அது 1912ஆம் ஆண்டுப் பதிவோடு பொருந்தினால் அத்தை வாயடைத்துப்போவார்.

இன்னும் மேலே, 1855க்கு முந்தைய தலைமுறைகளுக்குப் போகும்போது திருமணப் பதிவு அகப்படாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். உறுதிமொழி மணம் செல்லுபடியாவதற்குப் பதிவு அவசியமாகவே இருக்கவில்லை. அப்போது தேட வேண்டிய இடம் கிர்க் செஷன் குறிப்பேடுகள். கிர்க் செஷன் என்பது ஒவ்வொரு பங்கிலும் போதகரும் மூப்பர்களும் கூடிய சபை. ரகசியமாக மணந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, கண்டித்து, அபராதம் வசூலித்து, கணவன் மனைவியாக ஏற்று எழுதி வைப்பார்கள். முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டுப் போகும்போதுதான் பல ரகசியங்கள் வெளியே வரும். ஆகவே மூத்த பிள்ளை பிறந்த ஆண்டையொட்டிய பக்கங்களை முதலில் புரட்டுங்கள். ஸ்காட்லாந்து அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளத்தில் இவற்றின் படப்பிரதிகள் இருக்கின்றன.

முதல் இரண்டு வழிகளும் 1940 ஜூலை 1 முதல் ஒழிந்தன. சேர்ந்து வாழ்ந்தே கணவன் மனைவியாகும் மூன்றாவது வழியைச் சட்டம் நீக்கியது 2006இல்தான்.