விலை குறைந்த உலை மலிவானதா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் வெகு கீழே இறங்கிவிடும். ஆகவே எரிவாயுவை எரித்து, காற்றைச் சூடாக்கி, அறைகளுக்கு அனுப்பும் உலைகள் அங்குள்ள பல வீடுகளில் உண்டு. புதிய உலை வாங்குவோர் விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

சாதாரண உலையின் திறன் 80 சதவீதம். மீதி வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகிறது. எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது அல்லவா? 95 சதவீதத் திறனுள்ள உலை அந்த நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அதன் உள்ளுறை வெப்பத்தையும் பெற்றுக்கொள்கிறது. அந்நீரை வெளியேற்றத் தனிக் குழாய் அமைக்க வேண்டும். ஆகவே செலவு கூடும்.

80 அலகு வெப்பம் பெற முதல் உலைக்கு 100 அலகு எரிபொருள் வேண்டும். இரண்டாவதற்கு 80 ÷ 0.95, அதாவது சுமார் 84 அலகு போதும். மிச்சம் 16 சதவீதம்.

கூடுதல் செலவு 1,200 டாலர் என்று கொள்வோம். சாதாரண உலைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் எரிவாயு செலவாகும் ஊரில் மிச்சம் 160 டாலர். ஏழரை ஆண்டுகளில் கூடுதல் செலவு ஈடாகிவிடும். குளிர் குறைந்து, 300 டாலரே செலவாகும் ஊரில் மிச்சம் 48 டாலர்தான். ஈடாக 25 ஆண்டுகள் ஆகும். அதற்குள் உலையே பழுதாகிவிடலாம்!

எனவே எது மலிவு என்பதை ஊரின் குளிரும் எரிபொருளின் விலையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எரிவாயு விலை இருமடங்கானால் இரண்டாவது ஊரின் விடை என்னவாகும்? மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்.