செருகிய கணத்தில் யார் பேசுகிறார்கள்?

“மெய்நிகர் கணினிக்குள் திறந்தால் எந்தப் பென்டிரைவும் ஒன்றும் செய்யாது.” ஒருவர் சொல்ல, கேட்டவர் பத்துப் பேருக்குச் சொல்ல, கணினி தெரிந்தவர்களிடையேகூட இது வேதவாக்காகிவிட்டது. நடப்பது வேறு. விண்டோஸில், மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவிவிட்டுப் பென்டிரைவைச் செருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதனோடு முதலில் பேசுவது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி அல்ல, அதைத் தாங்கி நிற்கும் விண்டோஸ்தான். ‘நீ என்ன வகைச் சாதனம்?’ என்று அதுதான் கேட்கிறது. வரும் பதிலையும் அதுவே படிக்கிறது. சாதனத்தை உள்ளே அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தீய சாதனம் ஒன்றுக்கு அந்த முதல் பேச்சே போதும். இருந்தும் இந்த நம்பிக்கை சாகவில்லை. கோப்பு திறப்பது தனிச் சாளரத்தில் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. செருகியதும் விண்டோஸின் மையமான கெர்னல் பேசியது தெரிவதில்லை.

இந்த வரிசையையே மாற்றி அமைத்தது க்யூப்ஸ் ஓஎஸ். ஜோவானா ருட்கோவ்ஸ்கா தலைமையில் உருவாகி, 2012-இல் முதல் பதிப்பு வெளிவந்த இயங்குதளம் அது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஸென் ஹைப்பர்வைசரின் மேல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெய்நிகர் கணினி. அவை எல்லாவற்றையும் ஆளும் ‘டாம்-ஜீரோ’ என்ற பகுதிக்கு இணைய இணைப்பே கிடையாது. யு.எஸ்.பி. கன்ட்ரோலரை முழுதாக எடுத்து ‘சிஸ்-யுஎஸ்பி’ என்ற தனி மெய்நிகர் கணினியிடம் கொடுத்துவிடலாம். சாதனத்தோடு முதலில் பேசும் வேலை அப்போது அதனுடையது.

உடனே அடுத்த தவறு முளைக்கிறது: “க்யூப்ஸ் போட்டாயிற்று, இனி எதையும் செருகலாம்.” சிஸ்-யுஎஸ்பி என்பது கெட்டுப்போகலாம் என்று தெரிந்தே முன்னால் நிறுத்தப்பட்டது. அதில் நம் கோப்புகளை வைப்பதும், வந்த கோப்பை அங்கேயே திறந்து பார்ப்பதும் அதன் நோக்கத்தையே கெடுக்கும். அங்கிருந்து பென்டிரைவை வேறொரு மெய்நிகர் கணினிக்குத் தர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெறும் வட்டாக மட்டும் தருவது. பெறும் பக்கம் யு.எஸ்.பி. பேச்சைக் கேட்பதே இல்லை. அதில் உள்ள கோப்பு முறைமையையும் கோப்புகளையும் படிக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும். மற்றொன்று, சாதனத்தையே அப்படியே இணைப்பது; அப்போது அதன் பேச்சு முழுவதும் பெறும் கணினிக்குள் போய்விடும். வெப்கேமராவுக்கு இரண்டாவது வழி தேவைப்படலாம். பென்டிரைவுக்கு முதல் வழியே போதும். ஆனால் எல்லாச் சாதனத்துக்கும் ஒத்துவருகிறது என்பதற்காக நம்மில் பலர் இரண்டாவதையே பழக்கமாக்கிக்கொள்கிறோம். க்யூப்ஸ் கட்டிக் கொடுத்த சுவரில் நாமே கதவு வைக்கிறோம்.

“ஃபார்மட் செய்துவிட்டேன், ஆன்டிவைரஸும் ஓட்டிவிட்டேன்” என்பது ஜெராக்ஸ் கடையிலிருந்து அலுவலகம் வரை கேட்கும் சமாதானம். 2014-இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற ஆய்வாளர்கள் ‘பேட்யுஎஸ்பி’யைச் செய்து காட்டினார்கள். பென்டிரைவுக்குள் இருக்கும் சிறு சில்லின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதினால், அது தன்னைக் கீபோர்டு என்று அறிவித்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டத் தொடங்கும். ஃபார்மட் தொடுவது கோப்புகள் இருக்கும் பகுதியை மட்டும்; ஃபர்ம்வேர் அதற்கு வெளியே இருக்கிறது. ஆன்டிவைரஸ் படிப்பதும் கோப்புகளைத்தான். சிஸ்-யுஎஸ்பியைத் தூக்கியெறியும் வகையாக அமைத்து, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கினாலும் சுத்தமாவது அதுதான். சாதனம் அப்படியே இருக்கும். சுத்தம் என்று நம்பி அடுத்தவர் கையில் கொடுக்கிறோமே, நட்டம் அங்கே பெருகுகிறது.

“கண்டெடுத்த பென்டிரைவை யார் செருகப்போகிறார்கள்?” என்பாரும் உண்டு. இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களைப் போட்டுப் பார்த்தார்கள். 45 சதவீதத்துக்குக் குறையாதவற்றில், எடுத்தவர்கள் உள்ளிருந்த கோப்புகளைத் திறந்தே பார்த்துவிட்டார்கள்.

கீபோர்டு விஷயத்தில்தான் பெரிய சிக்கல். “கீபோர்டில் என்ன ஆபத்து?” என்று கேட்கிறோம். யு.எஸ்.பி. கீபோர்டு சிஸ்-யுஎஸ்பி வழியாக வந்தால், நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், கடவுச்சொல் உட்பட, சிஸ்-யுஎஸ்பி பார்க்கும். அது கெட்டுப்போனால் நம் பெயரில் டாம்-ஜீரோவில் கட்டளையும் தட்டும். அதனால்தான் க்யூப்ஸ் இதை எளிதில் அனுமதிப்பதில்லை. மவுஸைச் செருகினாலே கேள்வி கேட்கிறது; படிக்காமல் ‘சரி’ சொல்லிப் பழகிய விரல் அந்தக் காவலையும் தாண்டிவிடுகிறது. பல மடிக்கணினிகளில் உள்ளே பொருத்திய கீபோர்டு யு.எஸ்.பி. வழியாக வருவதில்லை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. மேசைக் கணினியில் பழைய உருண்டை பி.எஸ்-2 துளை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் இரண்டு கன்ட்ரோலர்கள் வேண்டும்; ஒன்று கீபோர்டுக்கு மட்டும். “இந்தத் துளை கீபோர்டுக்கு, பக்கத்துத் துளை பென்டிரைவுக்கு” என்று பிரித்துவிடலாம் என்பது வீண் கணக்கு. ஒரே கன்ட்ரோலரில் தொங்கும் துளைகள் எல்லாம் ஒன்றாகவே போகும்.

இன்னொன்று, கணினி துவங்கும் நேரம். சிஸ்-யுஎஸ்பியைக் கையால் அமைத்தவர்களின் கணினியில், அது எழுந்து வருவதற்குள் சற்று நேரம் கன்ட்ரோலர்கள் டாம்-ஜீரோவின் முன் திறந்து கிடக்கும். துவக்க அமைப்பில் அவற்றை டாம்-ஜீரோவிடமிருந்து மறைக்கலாம். ஆனால் துவங்கும்போது வட்டைத் திறக்கும் கடவுச்சொல்லை யு.எஸ்.பி. கீபோர்டில் தட்டுபவர்கள் யோசிக்காமல் இதைச் செய்தால், தங்கள் கணினிக்குள் தாங்களே நுழைய முடியாது. அவர்கள் மறுதொடக்கத்துக்கு முன் கீபோர்டைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றி வைக்கட்டும்.