லேப்டாப் சார்ஜ் விட்டு விட்டு ஏறுதா? (தெரிந்து கொள்வோம்)



2011-ஆம் ஆண்டு முதல் பல வருடங்கள் நம் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது. அதில் சில இன்னும் அக்கா, அண்ணன் கையிலிருந்து நம் கைக்கு வருகின்றன. பழசானால் வரும் ஒரு தொல்லை, சார்ஜ் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். உடனே எல்லோரும் "பேட்டரி போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் விட்டு விட்டு ஏறினால் பெரும்பாலும் எங்கேயோ லூஸ் கான்டாக்ட் என்று அர்த்தம்.

தெருக்குழாயில தண்ணி வரலன்னா டேங்க், வால்வு, பைப் என்று வரிசையாகத்தானே பார்ப்போம்? அதே மாதிரி சுவரிலிருந்து பேட்டரி வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும். எல்லாத்தையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்றே தெரியாது.

1. பிளக் பாயிண்ட்: பிளக் ஆடுகிறதா? வேறு பாயிண்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஏறினால் கோளாறு சுவரில்தான்.

2. கரண்ட் ஒயர்: சுவிட்சை அணைத்துவிட்டு, அடாப்டர் பெட்டியில் சொருகும் ஒயரைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

3. மெல்லிய ஒயர்: இது அடாப்டரிலிருந்து லேப்டாப்புக்கு வருவது. சைக்கிள் பிரேக் ஒயர் வளையும் இடத்தில் இழை இழையாக அறுவது போல, இதன் கழுத்தில் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி அறும். வெளியே தெரியாது. சாண் சாணாக மெதுவாக வளைத்து, சார்ஜ் விளக்கைப் பாருங்கள். எந்த இடத்தில் விளக்கு அணைந்து எரிகிறதோ அங்கேதான் கோளாறு.

4. பின் சொருகும் துளை: ஒயரை அசைக்காமல் பின்னை மட்டும் லேசாக அசைக்கவும். நல்ல அடாப்டர் போட்டும் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், துளையின் உள்ளே சாலிடர் விட்டிருக்கலாம். சில மாடல்களில் நடுவில் மெல்லிய ஊசி இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது.

5. பேட்டரி: கழற்றக்கூடிய பேட்டரி என்றால், லேப்டாப்பை அணைத்து, அடாப்டரையும் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். பிறகு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். ஒயரைத் தொட்டதும் அணைந்தால் பேட்டரி மேல் தப்பில்லை. அணையாமல் ஓடி, ஊசியும் நல்லா இருந்தால், அப்போதுதான் பேட்டரியைச் சந்தேகப்படணும்.

வேறு அடாப்டர் போடும்போது அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழையதில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருந்தால் (19 × 3.42 = சுமார் 65 வாட்), புதியதும் 19 வோல்ட்தான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னும் அதே வகையாக இருக்கணும்.

சில நேரம் கோளாறே இருக்காது. மெத்தை மேல் வைத்துச் சூடேறினால் சில லேப்டாப் தானே சார்ஜை நிறுத்தும். பேட்டரி நீடித்து உழைக்க 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கும் சிலவற்றில் உண்டு.

எச்சரிக்கை!
* லூஸ் கான்டாக்டில் மின்தடை கூடும், அந்த இடம் சூடாகும். கருகிய வாசனையோ தீப்பொறியோ வந்தால் சுவிட்சை அணையுங்கள். ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, கல் வைத்து அழுத்தி ஓட்டக் கூடாது.
* அடாப்டரைப் பிரிக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் கொஞ்ச நேரம் மின்சாரம் நிற்கும்.
* பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது "சார்ஜ் ஏறல" என்று மட்டும் சொல்லாமல், "அண்ணா, இந்த இடத்துல வளைச்சா அணையுது" என்று சொல்லுங்கள். ஒயரோடு போக வேண்டிய செலவு பேட்டரி வரை போகாது.

சோதித்து அறிவோம்! வீண் செலவு தவிர்ப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி