வழிகாட்டிக்குக் கேதம்

சிங்கம்புணரி

அன்புள்ள தம்பிக்கு,

மலை வழிகாட்டியின் சாவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பனிமலை ஊர்களில் ஒருவருடைய ஏற்றக் கூலியில் பெற்றோர், மனைவி மக்கள், தம்பி தங்கையர் படிப்பு எல்லாம் ஓடுகின்றன. எந்தச் சரிவு எந்த மாதத்தில் சறுக்கும், எந்த மேகத்தைக் கண்டால் திரும்பிவிட வேண்டும் என்ற அறிவு ஏட்டில் கிடையாது; அது ஆளோடு போய்விடுகிறது. அவரோடு ஏறியவர்கள் பல நாடுகளில் இருப்பார்கள். ஒரே கயிற்றில் உயிரை நம்பிக் கொடுத்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் அது சொந்தச் சாவுதான். ஆகவே மலையேறும் சமூகங்களில் துக்கம் அழுகையோடு முடிவதில்லை. நிதி, பள்ளி, காப்பீடு, புதிய பாதை என்று அது வேலையாக மாறியிருக்கிறது. மாறாத இடங்களில் கோபமாகியிருக்கிறது.

இதற்குச் சங்க காலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சிங்கம்புணரி வட்டத்திலுள்ள பிரான்மலையே பாரியின் பறம்பு மலை என்பது வழிவழியாக வரும் கருத்து. பாரி வழிகாட்டி அல்லன். மலைநாட்டுக் குறுநிலத் தலைவன். மூவேந்தர் பகையில் அவன் இறந்த பிறகு அவன் மகளிரும் நண்பர் கபிலரும் பாடியவை புறநானூற்றில் உள்ளன. கபிலர் அவற்றில் ஆளுக்காக மட்டும் இரங்கவில்லை. பறம்பையே விளித்து விடைபெறுகிறார். பிறகு அந்தப் பெண்களுக்கு ஒரு வாழ்வு தேடி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய்க் கேட்கிறார். இருவரும் மறுத்துவிட்டார்கள். இறந்தவனைப் பாடியவரே இருப்பவர்களுக்காக வாசல் வாசலாக நடந்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வழிகாட்டிகளுக்கென்று முறையான அமைப்பு உருவானதே ஒரு துக்கத்திலிருந்துதான். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள ஊர் ஷமோனி. 1820 ஆகஸ்ட் 20 அன்று ரஷ்யப் பேரரசின் சார்பில் வந்திருந்த ஹாமெல் என்ற அறிவியலாளரின் குழு அங்கிருந்து மோன் பிளான் சிகரத்தை நோக்கி ஏறியது. புதுப்பனி நிறைய விழுந்திருந்தது. உச்சிக்குக் கீழே சரிவு மொத்தமாக நகர்ந்து, பியேர் பல்மா, பியேர் கரியே, ஓகுஸ்த் தெராஸ் ஆகிய மூன்று வழிகாட்டிகளைப் பனிப்பிளவுக்குள் தள்ளிவிட்டது. ஏற வந்த பயணிகள் அனைவரும் உயிரோடு இறங்கினார்கள். இந்தக் கணக்கு இதன் பிறகு பல மலைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்த ஆண்டே, 1821-இல், ஷமோனி வழிகாட்டிகள் சங்கம் தோன்றியது. யார் எப்போது பயணியோடு போவது என்ற முறைவரிசையும், அடிபட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவும் நிதியும் அதன் அடிப்படை விதிகளாயின. இரு நூற்றாண்டு கடந்தும் அந்தச் சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று வழிகாட்டிகள் விழா நடக்கும். இறந்த வழிகாட்டிகளின் பெயர்களை உரக்க வாசிப்பார்கள். கயிறுகளையும் பனிக்கோடரிகளையும் பாதிரியார் ஆசீர்வதிப்பார். வசூல் உதவி நிதிக்குப் போகும். நம் பக்கத்தில் கேத வீட்டில் விழும் மொய் போன்றதுதான். ஒரே வேறுபாடு, சாவு வருமுன்பே சேர்த்து வைக்கிறார்கள்.

1820-இல் போன மூவரின் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு. பனியாறு உறைந்து கிடப்பதுபோலத் தெரிந்தாலும் மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் வேகத்தை அளந்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், அவ்வுடல்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அடிவாரத்தில் வெளிப்படும் என்று கணித்தார். 1861-இல் போசோன் பனியாற்றின் கீழ்முனையில் எச்சங்கள் வெளிவந்தன. அன்று தப்பிப் பிழைத்து முதுமை எய்தியிருந்த வழிகாட்டி ஒருவர், அவை தம் தோழர்களுடையவை என்று அடையாளம் காட்டினார். அந்த ஊருக்கு அது 41 ஆண்டுகள் தாமதமான அடக்கம்.

சாவு வருமுன்பே நிதி சேர்க்கும் ஷமோனி முறை இமயமலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. எவரெஸ்ட்டில் நடந்த முதல் பெரிய விபத்து 1922 ஜூன் 7-ஆம் நாள். மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூன்று பிரிட்டிஷாரும் 14 சுமைதூக்கிகளும் தனித்தனிக் கயிறுகளில் தங்களைப் பிணைத்துக்கொண்டு வடக்குக் கணவாயை நோக்கி ஏறினார்கள். அக்காலக் கயிறுகள் தாவர நாரால் ஆனவை; நைலான் கயிறு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. தென்னைநார்க் கயிற்றுக்குப் பெயர்பெற்ற நம் சிங்கம்புணரிக்காரர்களுக்கு நனைந்த நாரின் கனத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று குற்றம் கயிற்றுடையது அல்ல. சில நாள் முன்பு விழுந்த புதுப்பனி இன்னும் இறுகாமலிருந்தது. அது சறுக்கியதில் பின்னால் வந்த இரண்டு கயிறுகளில் இருந்த ஒன்பது பேர் பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டி விழுந்தார்கள். இருவரைத் தோண்டி உயிரோடு எடுக்க முடிந்தது. எழுவர் இறந்தனர், எழுவரும் சுமைதூக்கிகள்.

உடல்களை மலையிலேயே விட்டுவிடலாம் என்று உடன் வந்த சுமைதூக்கிகளே கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் முகாமில் அவர்கள் நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1924-இல் ஷமோனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 1922 குழுவினருக்கு மலையேற்றப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது இறந்த எழுவரும் அதில் சேர்க்கப்பட்டனர். பதக்கம் நல்லதுதான். ஆனால் அந்த எழுவரைப் பற்றி உலகம் அறிந்தது அவர்கள் எண்ணிக்கையை மட்டும்தான்; மல்லோரியின் பெயரை அறிந்தவர்களில், இறந்த எழுவரில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர்.

பிழைத்த மூன்று பிரிட்டிஷாரில் சாமர்வெல்லின் பிற்கால வாழ்க்கை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஹோவர்டு சாமர்வெல் அறுவை மருத்துவர். முதல் உலகப் போரின் களமருத்துவமனையில் பணிசெய்தவர். அந்த எழுவரின் சாவில் வெள்ளையர் ஒருவரும் பங்குபெறவில்லையே என்ற உறுத்தலை அவர் எழுத்தில் வெளிப்படையாகவே பதிந்திருக்கிறார். எவரெஸ்ட்டிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை உதறி அங்கேயே பணிக்குச் சேர்ந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் 28,000 அடி வரை ஏறிவிட்டு நெய்யூருக்கே திரும்பினார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை பணிபுரிந்தார். பனிச்சரிவுத் துக்கம்தான் அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தது என்று முடிச்சுப் போடுவது மிகை. இந்தியாவில் தீர்ப்பாரின்றிக் கிடந்த நோய்த் துன்பத்தையே அவர் காரணமாகச் சொன்னார். இருந்தாலும் அந்த மனிதரிடம் இரண்டும் அருகருகே இருந்தன.

பெயரற்ற சுமைதூக்கி என்ற நிலையை உடைத்தவர் டென்சிங் நோர்கே. 1935-இல் சுமைதூக்கியாக எவரெஸ்ட் பக்கம் போனவர், 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியோடு உச்சியில் நின்றார். 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது களப்பயிற்சியின் முதல் இயக்குநர் அவரே. ராணுவத்தினரும் மாணவர்களுமாக ஒரு தலைமுறையே அவரிடம் கயிறு கட்டவும் பனியில் அடிவைக்கவும் கற்றது. 1986 மே 9 அன்று அவர் டார்ஜிலிங்கில் காலமானார். பெருங்கூட்டம் பின்தொடர அவர் உடல் அந்தப் பயிற்சி நிறுவன வளாகத்துக்கே கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பட்டது. அங்கே அவர் சிலை இருக்கிறது. 

டென்சிங் சார்ந்த மலைவாழ் இனத்தவரான ஷெர்ப்பாக்கள் பௌத்தர்கள். இறந்தவருக்காக லாமாக்கள் ஓதும் சடங்குகள் 49 நாள் வரை நீளும். அவர் பெயரால் ஊராருக்கெல்லாம் உணவும் காசும் வழங்குவதும் உண்டு. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், துக்லா என்ற இடத்துக்கு மேலே உள்ள மேட்டில், மலையில் இறந்தவர்களுக்கான கல் நினைவுத்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று பாபு சிரி ஷெர்ப்பாவுடையது.

பாபு சிரி பத்து முறை எவரெஸ்ட் ஏறியவர். 1999 மே மாதம் உச்சியில் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 21 மணி நேரம் தங்கினார். அடுத்த ஆண்டு அடிவார முகாமிலிருந்து 17 மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டார். இப்படிப்பட்டவர் 2001 ஏப்ரல் 29 அன்று இரண்டாம் முகாமருகே புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கையில் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். கடினமான ஏற்றத்தில் அல்ல, முகாம் ஓரத்தில். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். தம் சொந்த ஊரான தக்சிந்துவில் பள்ளி அமைய வேண்டும் என்பதற்காகவே புகழையும் பணத்தையும் திரட்டியவர். அவரை நேசித்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குழப்பம் இருக்கவில்லை. வேலையை அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

2014 ஏப்ரல் 18 அன்று நடந்தது வேறு வகை. கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியில், விடிந்து சிறிது நேரத்தில், எவரெஸ்ட்டின் மேற்குத் தோளிலிருந்து பெரும் பனிப்பாறை உடைந்து விழுந்தது. மேல் முகாம்களுக்குக் கூடாரமும் உணவும் சுமந்து சென்ற 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவரின் உடல் கிடைக்கவேயில்லை. அரசு உடனடியாக அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஓர் ஏற்றத்துக்கு வெளிநாட்டுப் பயணி செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது; எரியூட்டும் செலவுக்கே காணாது. அடிவார முகாமில் பூசையும் அஞ்சலியும் நடந்த கையோடு ஷெர்ப்பாக்கள் கோரிக்கைப் பட்டியல் எழுதி அரசிடம் கொடுத்தார்கள். இறந்தவர்களின் மேல் ஏறிப்போக மாட்டோம் என்று பலர் ஊர் திரும்பினர். அவ்வாண்டு தென்புற ஏற்றப் பருவம் அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பயணிகளில் சிலர் கட்டிய பணம் போயிற்றே என்று சலித்துக்கொண்டார்கள்; பலர் புரிந்துகொண்டார்கள். கட்டாய ஆயுள் காப்பீடு 10 லட்சம் நேபாள ரூபாயிலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. மறு ஆண்டு அப்பகுதியைக் கடக்கும் ஏணிப் பாதை அந்த மேற்குத் தோளை விட்டு விலகி நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. துக்கத்தின் விளைவு என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய பாதை அது.

இந்திய மலையேறிகளின் அண்மைக்காலப் பெருந்துக்கம் 2022 அக்டோபர் 4-ஆம் நாளினுடையது. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு திரௌபதி கா தண்டா-2 சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். உத்தரகாசி மாவட்டத்துச் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட்டையும் மகாலு சிகரத்தையும் 16 நாள் இடைவெளியில் ஏறி முடித்திருந்தார். அவரிடம் கற்ற மலைக்கிராமப் பெண்களுக்கு அவர் உயரத்தில் நின்ற வீராங்கனை அல்ல, பக்கத்து ஊர் அக்கா. மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்ட சாகச விருது டென்சிங் நோர்கே பெயரில் அமைந்தது.

தமிழ்நாட்டில் மலைநடைக்கு விதிமுறை வந்ததும் ஒரு சாவுக்குப் பிறகுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலைநடைக்குச் சென்றவர்களைச் சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடையில் காய்ந்த புல்மேட்டில் தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும். மனிதரால் அந்த வேகத்தில் சரிவில் ஏற முடியாது. அவ்வாண்டே மலைநடைக்கான மாநில விதிகள் இயற்றப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்து, மலைவாழ் பழங்குடி இளைஞர்களைப் பயிற்றுவித்து, அவர்களையே வழிகாட்டிகளாக உடன் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டை அறிந்தவருக்கு அந்த அறிவே இப்போது சம்பளம் தருகிறது. வழிகாட்டிகள் என்றொரு சமூகம் இங்கேயும் உருவாகிவருகிறது; அவர்களுக்கான உதவி நிதியை ஷமோனிக்காரர்கள்போல ஒரு சாவுக்கு அடுத்த ஆண்டு தொடங்குவதா, முன்பே தொடங்குவதா என்பது அவர்களும் அவர்களோடு ஏறுபவர்களும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியது.

அன்புடன்,
பெரியப்பா